படுக்க வைத்த பொம்மை

துணிக்கடைப் பொம்மைகளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் ஆகாது. தோழிகளோடு மாலுக்குப் போனால் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல், முன்னால் போகிறவளின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டது இருட்டிலும் இல்லை, பட்டப்பகலில், டியூப்லைட் வெளிச்சத்தில்.

அப்பா அப்போது மைசூரில் பெரிய துணிக்கடை ஒன்றின் விஜயநகர் கிளைக்கு மேனேஜர். அந்தக் கடைக்கு ஊரெங்கும் கிளைகள் இருந்தன. பள்ளிச் சீருடையிலிருந்து கல்யாணப் பட்டு வரைக்கும் ஜனங்கள் அங்கேதான் எடுப்பார்கள். அதன் மஞ்சள் பையை மடித்து வைத்துக்கொண்டு காய்கறிக்குப் போகாத வீடு எங்கள் தெருவில் இல்லை. பள்ளி விட்டதும் நான் நேரே கடைக்குப் போய்விடுவேன். அம்மா ஆபீஸிலிருந்து வரும்வரை மாடியில் ஒரு மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். கடையே எனக்குச் சொந்தம் என்கிற நினைப்பு வேறு.

பிறகு கூட்டம் குறைந்தது. வருகிறவர்கள் சட்டையைப் போட்டுப் பார்ப்பார்கள், அளவு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள், போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போய் அந்தப் போனிலேயே வாங்கிக்கொள்வார்களாம். கிளைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. முதலில் போனது மண்டி மொஹல்லா கடை. அங்கே பில் போடுகிற அக்காவை எனக்குத் தெரியும். அப்பாவோடு போகும்போதெல்லாம் கன்னத்தைக் கிள்ளி மிட்டாய் கொடுப்பாள். அவளுக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது.

அந்தக் கடை மூடிய மறுநாள் சாயங்காலம் எங்கள் கடை வாசலில் ஒரு கூட்ஸ் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே பொம்மைகள். உடம்பில் துணியில்லாமல், கயிற்றால் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் என் மேசையைச் சுற்றி நிறுத்தினார்கள். எங்கள் சேல்ஸ்மேன் அண்ணா கன்னடக்காரர், வேடிக்கைப் பேச்சுக்காரர். "பாப்பு, இவரெல்லா நம் அங்கடிகெ டிரான்ஸ்ஃபர்!" என்றார். இவர்கள் எல்லாரும் நம் கடைக்கு மாற்றலாகி வந்திருக்கிறார்களாம். நானும் சிரித்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: "மண்டி மொஹல்லாவுல ஒருத்தரையும் விடல. எல்லாரையும் பொம்மையாக்கிட்டாங்க. அடுத்தது நாங்கதான்."

"சும்னே இருங்க, குழந்த கேக்குது" என்றாள் அம்மா.

குழந்தை கேட்டுவிட்டது.

மறுநாள் மாடிக்குப் போனதும் ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்தேன். மூலையில் நின்ற ஒன்றுக்கு இடது கன்னத்தில் சாயம் உரிந்து கறுப்பாக ஒரு புள்ளி. மெதுவாக "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அவள் பதில் சொல்லவில்லை. மிட்டாய் கொடுக்கிற கை மட்டும் கொஞ்சம் நீண்டிருந்தது. தொட்டேன். சில்லென்று இருந்தது. பேயறைந்தவள்போலக் கீழே ஓடிவந்து அப்பாவின் மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே வேலைதான், அப்பாவின் கையைத் தொட்டுப் பார்ப்பது. டிபன் சாப்பிடும்போது தொடுவேன், செருப்பு மாட்டும்போது தொடுவேன். என்னவோ பாசம் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஒருநாள் காலையில் ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும்போது நல்ல குளிர். வாசலில் இறக்கிவிட்டபோது வழக்கம்போலக் கையைப் பிடித்தேன். விரலெல்லாம் ஜில்லிட்டுப் போயிருந்தது. நான் அலறிய அலறலில் வாட்ச்மேன் ஓடிவந்தார். பள்ளிக்குப் பயப்படுகிறேன் என்று டீச்சர் ஒரு சாக்பீஸ் கொடுத்துச் சமாதானம் செய்தார்.

அதற்குள் இன்னும் இரண்டு தடவை கூட்ஸ் ஆட்டோ வந்துவிட்டது. மாடியில் மேசை போட இடமில்லை.

தசரா வந்தது. எல்லா வருஷமும்போல அப்பா பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினார், கொலு வைத்தோம். விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி எடுத்த பிறகு அம்மா ஒரு பொம்மையை எடுத்துப் படியில் படுக்க வைத்தாள். கொலு முடிந்தது என்பதற்கு எங்கள் வீட்டு வழக்கம் அது.

"படுக்க வெச்சா என்னம்மா ஆகும்?"

"தூங்கும் கண்ணு. அடுத்த தசராவுக்கு எழுந்துக்கும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தனை சுலபமான வழி இருக்கும்போது எதற்கு இவ்வளவு பயந்தேன்? நேரே அப்பாவிடம் போனேன். "மாடியில இருக்கற அக்காவையும் படுக்க வைங்கப்பா. நின்னுகிட்டே இருந்தா எப்படி எழுந்துக்குவா?" என்றேன். எந்த அக்கா என்று அவர் கேட்கவில்லை. "நாளைக்கு நீயும் வா" என்றார்.

மறுநாள் கடையில் வியாபாரம் இல்லை. அலமாரிகள் காலியாகக் கிடந்தன. கடையில் இருந்த எல்லாரும் வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்பா மாடிக்குப் போய் மச்சம் வைத்த பொம்மையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய வேட்டியை விரித்து, தலையைத் தாங்கிப் பிடித்து மெதுவாகப் படுக்க வைத்தார். வேடிக்கைப் பேச்சு அண்ணா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காலியான கடையில் தூசி அதிகம் என்று நினைத்தேன். பிறகு ஷட்டரை இறக்கினார்கள். அந்தச் சத்தம்கூட அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் கூடத்தில் வெறுந்தரையில் படுத்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணை மூடாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைத் தொட்டேன். சூடாக இருந்தது. அவரை எழுப்ப வந்த அம்மாவிடம் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

"எழுப்பாதம்மா. அப்பா படுத்துட்டார். அடுத்த தசராவுக்கு எழுந்துக்குவார்."

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். எவ்வளவு நல்ல செய்தி, இவள் ஏன் இப்படிப் போகிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

அடுத்த தசராவுக்கு அம்மாவே பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினாள். பொம்மைகளைத் துடைத்து ஒவ்வொன்றாக எழுப்பி நிறுத்தினோம், ஒன்றுகூட உடையவில்லை. அப்பா கூடத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து காத்திருந்தேன். அம்மா சொன்னபடி பார்த்தால் அவர் அன்றைக்கு எழுந்திருக்க வேண்டும்.