பாக்குப் போடாதவள்

அம்மா வீட்டுச் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்து ஆணியில், அண்ணனின் பழைய கால்பந்து ஷூ தொங்குகிறது. நீலம் வெளுத்துவிட்டது. ஒரு காலின் அடி வாய் பிளந்து கிடக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா அதையும் துடைத்து வைக்கிறாள். பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாக வந்து நான் வாங்கிய கோப்பை, அடுப்படியில் கரண்டி போட்டுவைக்கப் பயன்படுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இந்த வயதிலுமா என்றால், ஆமாம், இந்த வயதிலும்தான்.

எல்லாம் ஒரு ஜீப்பில் தொடங்கியது. அப்போது அப்பாவும் அம்மாவும் கொட்டச்சேடு பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பத்தாவது, நான் எட்டாவது. உதட்டுக்கடியில் போதைப் பாக்கை ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த அண்ணன், ஒருநாள் தலைசுற்றி விழுந்து பிடிபட்டான். விசாரித்ததில் அவனைப் போல் இன்னும் சிலர் சிக்கினார்கள். அவர்களை மீட்க சேலத்து அறக்கட்டளை ஒன்று பணம் கொடுத்தது. சாயங்காலம் கால்பந்து, ஆளுக்கொரு ஷூ, அவித்த முட்டை, ஆட்டம் முடிந்ததும் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடு வரைக்கும் ஜீப். அத்தனையும் பாக்குப் போட்டவர்களுக்கு மட்டும்.

போடாத நான் நடந்தேன். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தால் எங்கள் பக்கம் பஸ் கிடையாது. பனி இறங்கி, சவுக்கு மரமே தெரியாமல் போகும். காட்டெருமை நிற்கிறதோ என்று ஒவ்வொரு வளைவிலும் பயந்து பயந்து கால் வைப்பேன். அப்போதுதான் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டு ஜீப் என்னைத் தாண்டிப் போகும். பின்பக்கம் உட்கார்ந்து அண்ணன் முட்டை உரித்துக்கொண்டிருப்பான். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வான்.

ஒருநாள் நடுரோட்டில் நின்று ஜீப்பை மறித்தேன். அறக்கட்டளை மேடம் முன்சீட்டில் இருந்தார்.

"ஏனுங்க மேடம், நானும் பாக்குப் போட்டாத்தான் ஏத்துவீங்களா?"

மேடம் முகம் சுருங்கிப்போனது. "அப்படிச் சொல்லாத கண்ணு. கெட்டுப்போன புள்ளைங்களைக் காட்டுனா நன்கொடைக்காரங்க காசு குடுப்பாங்க. கெடாம இருக்கறதுக்குக் கேட்டா, எதைக் காட்டிக் கேக்கறீங்கன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

ஜீப் போய்விட்டது. வழியில் பெட்டிக்கடை முன்னால் நெடுநேரம் நின்றேன். அங்கேதான் அண்ணன் பாக்கு வாங்குவான் என்று எனக்குத் தெரியும். கையில் மட்டும் காசு இருந்திருந்தால் அன்றைக்கு நான் என்னவாகியிருப்பேனோ!

அண்ணன் விட்டொழித்தான். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. இன்று அதே அறக்கட்டளைக்கு அவன்தான் கோச். போகிற இடமெல்லாம் மீண்டு வந்த கதையைச் சொல்கிறான், கூட்டம் கண் கலங்குகிறது. எதிலும் விழாதவளுக்குச் சொல்ல என்ன கதை இருக்கிறது? இதில் பெரிய கொடுமை, இப்போது என் மகள் எட்டாவது. மாமன் ஜீப் தாண்டிப் போக, அவளும் பள்ளி விட்டுப் பாட்டி வீட்டுக்கு அதே ரோட்டில் நடந்தாள். பாக்குப் போட்டவர்களுக்கு மட்டும்தான் ஜீப், சட்டம் சட்டம்தானாம்.

போன மாதம், பண உதவியைத் தொடரலாமா என்று பார்க்க அறக்கட்டளைக்கு நன்கொடை தருகிறவர்கள் அம்மா வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கதை சொன்னான், அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், நான் காப்பி ஆற்றினேன். அடுத்த வருஷத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். ஷூ கேட்பான் என்றுதான் நினைத்தேன்.

"ரோட்டுல நடக்கற புள்ளைங்க எல்லாத்தையும் ஜீப்புல ஏத்தோணுமுங்க. ஆட்டத்துலயும் சேக்கோணும்" என்றான்.

"அவங்களும் பாக்குப் போடறவங்களா?"

"இல்லீங்க. போடாம இருக்கோணும்னுதானுங்க கேக்கறேன்." என் பக்கம் கையைக் காட்டினான். "எந்தங்கச்சிங்க. நானும் பாக்குப் போட்டாத்தான் ஏத்துவீங்களான்னு ஜீப்பை மறிச்சுக் கேட்டா. பின்னாடி உக்காந்து நான் முட்டை தின்னுட்டு இருந்தேன். அது இன்னமும் தொண்டையிலயே நிக்குதுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சரி என்றார்கள். எல்லோரும் எழுந்து அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஷூவைப் படம் எடுத்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். கூடவே வயிறும் எரிந்தது. எனக்கென்று இருந்தது அந்த ஒரே ஒரு கதை. அதையும் அவனே சொல்லிக் கைகுலுக்கல் வாங்கிவிட்டான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அம்மா வீட்டு வாசலில் ஜீப் நின்றது. என் மகள் குதித்து இறங்கி வந்து, காகிதத்தில் சுற்றிய ஒரு முட்டையை நீட்டினாள்.

"மாமா உனக்குக் குடுக்கச் சொன்னாங்கம்மா."

ஆறிப்போயிருந்தது. அந்த ஷூவுக்கு நேர் கீழே உட்கார்ந்து உரித்தேன். மகள் பாதி கேட்டாள். கொடுக்கவில்லை.