இசக்கிதுரை விழித்திருக்க முயன்ற காலை

உலகம் போற்றும் காதலர்கள் அனைவருக்கும் ஒரு வசதி இருந்தது. அவர்களுக்கு நைட் ஷிப்ட் இல்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் இசக்கிதுரைக்கு இருந்தது. பக்கத்து லைனில் நின்ற மஞ்சுளாவுக்கும் இருந்தது. லைன் ஓடும்போது பேசினால் சூப்பர்வைசர் முறைப்பார்; லைன் நின்றால் இருவருக்கும் கண் சொக்கிவிடும். இப்படியே ஒரு வருஷமாகக் காதல் வளர்ந்தது. அதாவது, வளராமல் அப்படியே இருந்தது.

இன்றைய ஷிப்டோடு மஞ்சுளாவின் காண்ட்ராக்ட் முடிந்துவிட்டது. கம்பெனி பஸ், இருவரும் இறங்கும் வாலாஜாபாத் போய்ச் சேர்வதற்குள் சொல்லியாக வேண்டும்.

பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். மஞ்சுளாவுக்கு நேர் பின்னாலிருந்த ஜன்னலோர சீட், இசக்கிதுரையின் அறைத்தோழன் ஆறுமுகநயினாருடையது. சாய்ந்து தூங்க வாகான அந்த இடத்துக்காகக் கைகலப்பே நடந்திருக்கிறது.

“நீ உக்காருல. நான் நின்னுக்கிட்டே வாரேன். கண்ணசந்தா எழுப்பிவிடுதேன்” என்றான் நயினார். நைட் ஷிப்ட் முடித்தவன் ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுப்பது, சொத்தில் பாதியை எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

பஸ் கேட்டைத் தாண்டியது. இசக்கிதுரை தொண்டையைச் செருமிக்கொண்டு, “மஞ்சுளா” என்று கூப்பிட வாயைத் திறந்தான். வந்தது கொட்டாவி.

கண் விழித்தபோது பஸ் காஞ்சிபுரத்தில் ஷெட்டுக்குள் நின்றிருந்தது. நயினார் கம்பியைப் பிடித்தபடி நின்றவாக்கிலேயே தூங்கிக்கொண்டிருந்தான். முன் சீட்டில் மஞ்சுளாவும் அப்படித்தான்.

“இன்னாபா, வூடு வாசல் கீதா இல்லியா? எறங்குங்க” என்றார் டிரைவர் எல்லப்பன்.

வாலாஜாபாத்துக்குத் திரும்ப, மூவரும் ரோட்டோரம் டவுன் பஸ்ஸுக்கு நின்றார்கள். அங்கேதான் இசக்கிதுரை சொன்னான். என்ன சொன்னான் என்பது அவனுக்கே தெளிவாக நினைவில்லை.

“இத்த சொல்றதுக்கு ஒரு வருசமா?” மஞ்சுளா கண்ணைக் கசக்கினாள். “இப்ப பதில் சொன்னா தூக்கத்துல ஒளறிட்டேன்னு ஆயிடும். ஞாயித்துக்கெழம நல்லா தூங்கி எழுந்து வூட்டாண்ட வா. எங்கம்மாவும் இருக்கும்.”

ஞாயிற்றுக்கிழமை இசக்கிதுரைக்கு ஓ.டி. வேலை போட்டிருந்தார்கள். வரமாட்டேன் என்றால் அவன் காண்ட்ராக்ட்டும் காற்றில் போகும். நயினாருக்கு அன்று லீவு. சாயங்காலம் வரை தூங்குவதாக வாரம் முழுக்கத் திட்டம் போட்டிருந்தான். இசக்கிதுரை அவனைத் திரும்பிப் பார்த்தான்.

“அப்படிப் பாக்காதல” என்றான் நயினார், கண்ணைத் திறக்காமலே. “ஒனக்குப் பதிலா ஓ.டி.க்கு நான் போறேன். சூப்பர்வைசர்ட்ட பேசிக்கிடுதேன்.”

“அப்போ நீ எப்பல தூங்குவ?”

“ஒன் கல்யாணம் நடக்கட்டும். மண்டபத்துல முன்வரிசையில உக்காந்து தூங்குதேன்.”