பின்கட்டைக் காலி செய்தவர்

என் சீனியர் இன்ஜினியர் செண்பகவல்லி மேடம் இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நாமக்கல்லில் ஒரு தளத்துக்குக் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தோம். முடித்துவிட்டுத்தான் சேலம் கிளம்பினேன். பாதியில் விட்டு வந்திருந்தால் அவரே திட்டியிருப்பார். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அது தெரியும்.

பழைய கட்டடங்களின் மேல் அவருக்குப் பெரிய பாசம் இருந்ததாக அஞ்சலிக் கூட்டத்தில் சிலர் பேசினார்கள். தவறு. "கட்டடம் என்ன சாமி, செங்கல்லும் சுண்ணாம்பும். உள்ள இருக்கறவங்களப் பாரு" என்பார்.

சில வருஷங்களுக்கு முன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீட்டின் உறுதியைச் சோதிக்க நானும் மேடமும் போயிருந்தோம். முன்கட்டு பூட்டிக் கிடந்தது. பின்கட்டில் நான்கு குடித்தனங்கள். அதன் பின்சுவர் வெளியே சாய்ந்து, உத்தரங்களைக் கரையான் தின்றிருந்தது. "மொத்தமும் அபாயம்னு எழுதிக் குடுங்க, இடிச்சுக்கறேன்" என்றார் உரிமையாளர். எனக்கு மறுப்பில்லை. ஒட்டுப்போடும் வேலையே எனக்குப் பிடிக்காது. மேடம் முன்கட்டைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு சுவராகத் தட்டிப் பார்த்தார். "இது நல்லாத்தான இருக்குது? பொய் எழுத மாட்டேனுங்க."

பின்கட்டை அன்றே காலி செய்யச் சொல்லி நான் சத்தம் போட்டேன். அங்கே குடியிருந்த பாவாயி அக்கா அசையவில்லை. "தெருவுக்குப் போனா திரும்ப உள்ள உடுவாங்களா? செவுரு உழுந்தா எங்க மேலயே உழுகட்டும்."

"கிறுக்கா உங்களுக்கு?" என்றேன்.

"ஆமாங்க. சொந்த ஊடு இருக்கறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மேடம் உரிமையாளரிடம் திரும்பினார். "இவங்கள முன்கட்டுக்கு மாத்துங்க. வாசப்படி தாண்ட வேண்டியதில்ல, பயமும் இல்ல."

"அதையும் இடிச்சு எடத்த விக்கறதுக்குத்தான் பூட்டி வெச்சிருக்கேனுங்க மேடம்."

"பின்கட்டு அபாயம்னு இப்பவே எழுதித் தரேன். நாளைக்கு விழுந்தா, தெரிஞ்சே உட்டது நீங்க. நாங்க ரெண்டு பேரும் சாட்சி சொல்லுவோம்."

உரிமையாளர் முன்கட்டுச் சாவியைப் பாவாயி அக்கா கையில் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் நான்கு வீட்டுப் பாத்திரங்களும் முன்கட்டுக்கு வந்துவிட்டன.

அந்த வருஷ மழையில் பின்சுவர் மொத்தமாக விழுந்தது. உள்ளே யாருமில்லை. பாவாயி அக்காவின் ஆட்டுக்கல் மட்டும் மாட்டிக்கொண்டது. யாருக்கும் அடியில்லை என்று போனில் மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன். பாராட்டெல்லாம் கிடையாது. "ஆட்டுக்கல்ல ஏன் நீ தூக்கி வெக்கல?" என்றுதான் கேட்டார்.

அந்த நான்கு குடும்பங்களும் இன்னும் முன்கட்டில்தான் இருக்கின்றன. கூட்டத்துக்கும் வந்திருந்தார்கள், யாரும் மைக் கேட்கவில்லை.

பொறுமை எனக்கு இன்னும் வரவில்லை. அவருக்கும் அது கிடையாது, அதனால் அவரிடமிருந்து வர வழியில்லை. ஆனால் ஒரு வீட்டை முழுக்க இடிக்கலாம் என்று எழுதப் போகும்போது என் கை ஒரு கணம் நிற்கிறது. அந்தத் தயக்கம் என்னுடையதல்ல, அவருடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.