முள்ளு மாமாவின் பச்சை அட்டை

பழைய காகிதக் கிடங்கில் மாமாவுக்கு ‘முள்ளு’ என்று பெயர். என் அக்காவைக் கட்டிக்கொண்டவர். பதினேழு வருடமாக அங்கே எடை போட்டவர். தராசு முள் மாதிரி யார் பக்கமும் சாயமாட்டார். காகிதக் கட்டுக்குள் தண்ணீர் தெளித்தும் கல்லைச் செருகியும் எடையை ஏற்றப் பார்ப்பார்கள். மாமா ஒரு தட்டு தட்டிவிட்டு, “கல்லை எடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்” என்பார். அவர் கண்ணில் மண்ணைத் தூவ யாராலும் முடியாது.

கிடங்கில் நான் வண்டி ஓட்டுகிறேன். வருடத்துக்கொரு முறை எங்களுக்கு உடல் பரிசோதனை நடக்கும். நர்ஸ் எடையும் உயரமும் பார்த்து, பி.எம்.ஐ. என்று ஓர் எண்ணை அட்டையில் எழுதுவார். கிலோவை மீட்டரில் சொன்ன உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது, அவ்வளவுதான். பதினெட்டரைக்குக் கீழே போனால் சிவப்பு முத்திரை, இல்லாவிட்டால் பச்சை. அப்படிச் சிவப்பு வாங்கிய மூட்டை தூக்குபவர் ஒருவர் வீட்டுக்குப் போனார், திரும்பவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. எங்களுக்கு வாய் எதற்கு இருந்ததோ தெரியவில்லை.

மாமா இளைக்க ஆரம்பித்தார். பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டார். “என்ன மாமா, ஹீரோவா நடிக்கப் போறீங்களா?” என்று நான் கிண்டல் செய்தேன். இன்று நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பரிசோதனைக்கு முதல் நாள் கிடங்குத் தராசில் தானே ஏறிப் பார்த்திருக்கிறார். ஐம்பத்தொரு கிலோ. ஒரு மீட்டர் எழுபது உயரத்துக்கு ஐம்பத்துநாலு கிலோவாவது வேண்டும். வீட்டுக்கு வந்து அக்காவிடம், “இடுப்புல கட்டுற மாதிரி ஒரு பட்டை தெச்சுக் குடு. உள்ள பை வெச்சு. மூணு கிலோ தாங்கணும்” என்றாராம்.

“எதுக்குங்க?”

“வேலை போயிரும்டி.”

அக்கா அன்று ராத்திரியே இரட்டைத் தையல் போட்டாள். இரும்பு நட்டுகளைத் துணியில் சுற்றி, சத்தம் வராதபடி மாமா அடுக்கினார். நர்ஸ் ஐம்பத்துநாலு என்று எழுதினார். டாக்டர், “ஒல்லியா இருக்கீங்களே” என்று இழுத்தார். பிறகு அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்த வருடம் நட்டு ஐந்து கிலோ. அப்போதும் பச்சைதான். பரீட்சையில் பாஸானவர் போல அதை என்னிடம் ஆட்டிக் காட்டினார்.

நாலே மாதத்தில் எடை மேடைக்குப் பக்கத்திலேயே சுருண்டு விழுந்தார். வயிற்றில் கட்டி, ஈரல் வரை பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமும் அதே அம்பத்துநாலு. குறைஞ்சிருந்தா அப்பவே ஸ்கேன் எடுத்திருப்பாங்க. அப்ப வெட்டி எடுத்திருக்கலாம்.”

“சிவப்பு விழுந்தா வேலை போயிருமே” என்றேன்.

கூட வந்திருந்த கிடங்கு மேனேஜர் திகைத்தார். “யாருப்பா சொன்னது? சம்பளத்தோட லீவு குடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். முன்னாடி சிவப்பு வாங்கின மூட்டை தூக்குறவர் குணமாகி, இப்ப நம்ம இன்னொரு கிடங்குல இருக்காரே.”

அக்கா டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எடை குறைஞ்சுதும்மா. நான்தான் பட்டை தெச்சுக் குடுத்து மறைச்சேன். வர்ற வருஷத்துக்கும் ஒண்ணு தெச்சு வெச்சிருக்கேன். பத்து கிலோ தாங்கும்.”