அன்னாள் தள்ளிப் படுத்தது

பிள்ளை கலைந்த பிறகுதான் அன்னாளுக்கு வெள்ளைப்படத் தொடங்கியது. உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள். நாளாக ஆக அரிப்பும், கெட்ட மீன்போல ஒரு வாடையும் சேர்ந்துகொண்டன. மாமியார் இஞ்ஞாசியம்மாளிடம் சொன்னால், எவனிடம் வாங்கி வந்தாய் என்று கேட்பாள். துணி வெளுக்கும் சோடாவைக் கரைத்துக் கழுவிப் பார்த்தாள். புண்ணாகிவிட்டது. உட்கார்ந்தால் எரிச்சல், ஒன்றுக்குப் போனால் உயிர் போயிற்று. கோயிலில் கடைசியில் சுவரோரம் நின்றாள். பக்கத்தில் யாராவது மூக்கைத் தொட்டால் போதும், அன்றைய பூசை அவள் காதில் ஏறாது.

புருஷன் பவுல்ராஜை நினைத்தால்தான் பெரும் பயம். அவன் பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்கிறவன். பேச்சு குறைவு, கை நீட்டியதில்லை. அவனுக்கு இந்த வாடை தெரிந்தால் தன் வாழ்வு முடிந்தது என்று எண்ணினாள். பாயைத் தள்ளிப் போட்டாள். அவன் கை பட்டால் தலைவலி என்றாள். பிறகு அதையும் சொல்லாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அதன் பிறகு அவன் தினமும் வேலை விட்டு வந்ததும் கிணற்றடியில் செங்கல் பொடி போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தான்.

"என்னடி அன்னாளு, ஒம் புருசன் ஷாப்புத் தோல விட்டுட்டு அவரு தோல உரிக்கிறாரு?" என்றாள் பக்கத்து வீட்டு சகாயராணி. அன்னாளும் சேர்ந்து சிரித்தாள். அவன் ஏன் அப்படித் தேய்க்கிறான் என்று யோசிக்கவில்லை.

ஒரு நாள் காலையில் அவளுடைய சேலைகளை மூட்டை கட்டச் சொல்லி, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனான். சேவுகம்பட்டியில் இருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பப் போகிறான் என்பது அங்கே போனதும்தான் தெரிந்தது.

"ஒன்னயக் குத்தம் சொல்லல" என்றான். "தோல்காரன் நாத்தத்த எவ சகிப்பா? எம்புட்டுத் தேச்சாலும் போக மாட்டேங்குது. நீ ஒங்கய்யா வீட்டுலயே இரு."

பஸ் வந்து நின்றது. சனம் முண்டியடித்தது. ஏறிவிட்டால் அவ்வளவுதான். அன்னாள் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஒங்க மேல இல்லைங்க, எம்மேலதான். பிள்ள போனதுலருந்து வெள்ளபடுது. புண்ணாயிருச்சு. நீங்க மோந்துருவீகன்னுதான் ஓடுனேன்."

அவன் மூட்டையைக் கீழே இறக்கி வைத்தான்.

"அந்தத் தொட்டியில எறங்கி எனக்கு மூக்குச் செத்து எத்தன வருசமாச்சு. மல்லியப்பூவே தெரியாது. ஊரு சொல்லித்தான் எம்மேல நாறுறதே தெரியும்."

பஸ் போய்விட்டது. வலிக்கிறதா என்று மெல்லக் கேட்டான். இதுவரை யாரும் கேட்காதது. அவள் தலையாட்டினாள்.

கொய்யாப்பழம் விற்ற பெண்ணிடம் பொம்பளை டாக்டர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தான். அவள் வழி சொல்லிவிட்டு, விசேஷமா என்று சிரித்தாள். இல்லை என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் போட்டு முன்னால் நடந்தான்.

அன்னாள் பின்னால் போனாள். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இதை மறுபடியும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு, அந்த வார்த்தைகளை வாய்க்குள்ளேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.