ஏழாவது ஆள்

விளாங்குடிச் சின்னக்கருப்பனுக்கு இரண்டு வேலைகள் என்பார்கள். வார நாட்களில் அரசுப் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுவது ஒன்று. லீக் நடக்கும் மாதங்களில் ஞாயிறுதோறும் விடியுமுன் பிறர் வீட்டுக் கதவைத் தட்டுவது மற்றொன்று. முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு. இரண்டாவது வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை; தாமாகவே எடுத்துக்கொண்டார்.

வடகரைக் கால்பந்துக் கழகத்துக்கு ஆடுகிறவர்களில் ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர் ஒருவரும் இல்லை. ரொட்டிக் கடையில் அடுப்பு பார்ப்பவன், வாடகை வேன் ஓட்டுபவன், சாப்பாட்டுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பவன் என்று பலதரப்பட்டவர்கள். சனிக்கிழமை வேலை முடிந்து அலுத்துப் படுத்தால், ஞாயிறு காலை ஏழரை மணி ஆட்டத்துக்கு எழுந்து வருவது அவர்களுக்குப் பெரும்பாடு. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை ஆறே பேர்தான் வந்து சேர்ந்தார்கள். ஏழு பேருக்குக் குறைந்தால் நடுவர் அணியைக் களத்தில் இறக்கமாட்டார். பந்தைத் தொடாமலேயே வடகரை தோற்றது. எல்லைக்கோட்டருகே நின்ற முப்பது ரசிகர்களில் ஒருவரான சின்னக்கருப்பன் அன்று வீடு திரும்பினார். அடுத்த ஞாயிறு ஐந்தேகாலுக்கு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு ஆட்டக்காரர்களின் வீட்டு வாசல்களில் போய் நின்றார். அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அவர் பந்தாடியவர் அல்லர். சோழவந்தான் பக்கம் பிறர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்தில் பிறந்தவர். பணிமனையில் வேலை கிடைத்து விளாங்குடியில் தனியாளாகக் குடிவந்த புதிதில், ஒரு மாலை மைதானத்தில் கூட்டம் நிற்பதைப் பார்த்துத் தாமும் நின்றார். வடகரை ஒரு கோல் போட்டது. பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவன் அவரைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். அந்த ஊரில் அவரை முதன்முதலில் தொட்டவன் அவன்தான்.

“பெத்த பிள்ளைய ஒருநா எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்புனதில்ல. ஊரு பிள்ளைகளுக்கு மட்டும் கோழி கூவப் போயிர்றாரு” என்று மனைவி ஒச்சம்மாள் இடித்துக் காட்டுவாள். மகன் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்கும் போய்விட்டான். இடித்துக் காட்டுவது மட்டும் நிற்கவில்லை.

இவ்வாண்டு நகர லீக்கின் முதல் பிரிவில் கடைசி இடத்துக்கு வருகிற அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கவேண்டும். இறுதி நாளில் கடைசி இரண்டு இடங்களில் இருந்த வடகரைக்குப் பத்துப் புள்ளிகள், தென்கரைக்கு எட்டு. அன்று மோதியவர்களும் அவ்விரு அணிகளே. சமன் செய்தால் வடகரை தப்பிக்கும். தோற்றால் முப்பத்தோராண்டுகளாக இருந்த இடத்தை விட்டு இறங்கும்.

பங்குனி மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை, சின்னக்கருப்பன் முதலில் பரவையில் கோல்கீப்பர் ஜூடு வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த ஜூடுவின் தாய் ஆரோக்கியம் அவரைக் கண்டு விழித்தார்.

“என்ன தம்பி நீங்க? இன்னிக்கி மேட்ச் இல்லையாம்ல?”

ஜூடு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து கைபேசியைக் காட்டினான். முந்தின மாலை செயலாளர் லூர்துராஜ் புதிதாக ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி அதில் செய்தி அனுப்பியிருந்தார். மைதானத்தில் அரசு விழாவாம். ஆட்டம் அடுத்த ஞாயிறுக்குத் தள்ளிவைப்பாம். அணித் தலைவன் சிவபாண்டியும் இன்னும் நால்வரும் மேலூரில் நடக்கும் ஐவர் ஆட்டப் போட்டிக்கு இரவே கிளம்பிப் போய்வரலாமாம்.

“உங்களச் சேக்க மறந்துட்டாரு போலண்ணே” என்றான் ஜூடு.

அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. அந்த மைதானத்தை விழாவுக்கென்று எடுத்துக்கொள்வது அவ்வாண்டிலேயே இருமுறை நடந்திருந்தது. லூர்துராஜோ ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்; இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செயலாளர். அவர் சொன்னால் வடகரையில் மறுபேச்சு கிடையாது. தம்மைக் குழுவில் சேர்க்கவில்லையே என்ற சிறு மனத்தாங்கலோடு சின்னக்கருப்பன் திரும்பினார்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் ஆரப்பாளையம்வரை போய் ஒரு தேநீர்க் கடையில் நின்றார். மணி ஆறடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. சிவப்புச் சட்டைக்காரர்கள் நிறைந்த வேன் ஒன்று கடை முன்னால் வந்து நின்றது. தென்கரை அணி.

“என்ன மாப்ள, காலங்காத்தாலயே கெளம்பிட்டீங்க?”

“என்னண்ணே கேள்வி? மேட்சுக்குத்தான். உங்க ஆளுகளுக்கு இன்னும் விடியலையா?”

“மேட்ச்தான் இல்லையே. கவர்மென்ட் பங்சனாம்ல?”

வேனில் சிரிப்பு வெடித்தது. “பங்சன்தாண்ணே. உங்களக் கீழ எறக்குற பங்சன்!”

தேநீரை அப்படியே வைத்துவிட்டு லூர்துராஜை அழைத்தார். கைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அடுத்து மேலூரில் இருந்த சிவபாண்டியை அழைத்தார்.

“மாப்ள, மேட்ச் இருக்குடா! யாரோ தப்பாச் சொல்லியிருக்காய்ங்க. உடனே கெளம்புங்க.”

“சரிண்ணே. வேன எடுத்துட்டு வாரோம். நீங்க அங்கன இருக்கவங்கள எறக்குங்க.”

மற்ற நால்வரையும் அழைத்தார், எவரும் எடுக்கவில்லை. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் எல்லாருடைய கைபேசியையும் அணித் தலைவன் வாங்கித் தன் பையில் வைத்துக்கொள்வது வடகரையின் வழக்கம். சிவபாண்டி சொல்லிவிட்டான், அது போதும்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் சுற்றாத தெரு இல்லை. ஆட்டம் இல்லையென்று நம்பிய ஒருவன் கொடைக்கானலுக்குச் சவாரி போயிருந்தான். ஒருவன் தேனியில் கல்யாண வீட்டில் இருந்தான். ஏழரை மணிக்குப் பசுமலைப் பக்கத்து மைதானத்தில் ஜூடுவோடு சேர்த்து ஆறு பேர் நின்றார்கள். சுண்ணாம்புக்கோடு போட்டு, வலை கட்டி, எல்லாம் ஆயத்தமாக இருந்தது. விழாப் பந்தலுக்கு ஒரு கம்புகூட ஊன்றப்படவில்லை.

நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். “பதினஞ்சு நிமிசம் டைம். ஏழு இல்லைன்னா வாக்ஓவர்.”

நடுவரிடம் கொடுக்கும் அணிப் பட்டியலை எழுதியவர் சின்னக்கருப்பன். மேலூரிலிருந்து வரவேண்டிய ஐவரின் பெயரையும் சேர்த்தே எழுதினார். பெயர் இருந்தால்தான் நடுவில் வந்து இறங்க முடியும். ஏழே முக்காலுக்கு இரண்டு நிமிடம் இருந்தபோது, லீக் அலுவலரின் ஆட்டக்காரர் பதிவேட்டைப் புரட்டிய ஜூடு வடகரையின் கடைசி வரியில் விரலை வைத்தான்.

“அண்ணே, இருவத்தஞ்சாவது பேரு உங்க பேருண்ணே!”

வருடாவருடம் மரியாதைக்காக லூர்துராஜ் அந்தப் பெயரைச் சேர்ப்பது வழக்கம்.

“டேய், எனக்கு அம்பத்தி நாலு வயசுடா.”

“வயசுக்குத் தடை ஒண்ணுமில்ல” என்றார் நடுவர்.

ஜூடுவின் மாற்றுச் சட்டையை மாட்டிக்கொண்டு, பணிமனை கேன்வாஸ் ஷூவோடு சின்னக்கருப்பன் களத்தில் இறங்கினார். எல்லைக்கோட்டில் நின்ற ரசிகர்கள் கையைத் தட்டுவதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்கள்.

“இந்தக் கம்பத்த விட்டு நகராதீங்கண்ணே. பந்து வந்தா குறுக்க நில்லுங்க. அம்புட்டுத்தான்” என்றான் ஜூடு. “வேன் வார வரைக்கும் தாக்குப்பிடிச்சாப் போதும்டா!” என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுத்தான்.

முப்பத்தைந்து நிமிடம் வீதம் இரு பாதிகள். ஏழு பேரை எப்போது வேண்டுமானாலும் வெல்லலாம் என்று தென்கரையினர் நினைத்தார்கள்; அவர்களுடைய கால்களில் அவசரம் இல்லை. ஜூடு நான்கு பந்துகளைத் தடுத்தான். ஒரு பந்து சின்னக்கருப்பனின் விலாவில் பட்டு வெளியே போனது. முதல் பாதி முடிந்தபோது எந்தப் பக்கமும் கோல் இல்லை.

ஆறு பேரும் மூச்சிரைக்கத் தரையில் சாய்ந்தார்கள். சின்னக்கருப்பன் மொபெட்டருகே போய்ச் சிவபாண்டியை அழைத்தார்.

“எங்க மாப்ள வாரீங்க? மாட்டுத்தாவணி தாண்டியாச்சா?”

“அண்ணே… நாங்க கெளம்பலண்ணே.”

“வண்டி மக்கர் பண்ணிருச்சா?”

“வண்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு.” சிவபாண்டி குரலைத் தாழ்த்தினான். “மேட்ச் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும். மத்த நாலு பேருக்கும் தெரியாது. அடுத்த மாசம் லீக் எலெக்சன்ல லூர்து சார் இணைச் செயலாளருக்கு நிக்கிறாரு. தென்கரைத் தலைவர் கண்ணுச்சாமி கையில நாலு கிளப்பு ஓட்டு இருக்கு. தென்கரை கீழ எறங்கக் கூடாது. எனக்குக் கண்ணுச்சாமி கம்பெனியில வேல போட்டுத் தாராக.”

“உன் வீட்டு வாசல்ல எத்தன வருசம்டா நின்னுருக்கேன்?”

“எனக்கு இருவத்தேழு ஆச்சுண்ணே. இன்னும் சோத்துப் பொட்டலம் தூக்கிட்டு அலையிறேன். நீங்க எழுப்பிவிட்டீங்க, சரி. எந்திரிச்சு எங்க போறதுன்னு ஒருநாளும் சொல்லலையே.”

அழைப்பு அறுந்தது.

திரும்பி வந்தவரை ஆறு முகங்களும் நிமிர்ந்து பார்த்தன. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டு பேர் பூட்ஸைக் கழற்றுவார்கள், ஏழு ஐந்தாகும், ஆட்டம் அந்த இடத்திலேயே முடியும். இவர்கள் ஓடவேண்டுமென்றால் வேன் வந்துகொண்டிருக்க வேண்டும்.

“மாட்டுத்தாவணி தாண்டிட்டாங்க” என்றார் சின்னக்கருப்பன். “இன்னும் பத்தே நிமிசம்.”

அந்தப் பத்து நிமிடத்தை அவர்கள் ஓடினார்கள். அடுத்த பத்து நிமிடத்தையும் ஓடினார்கள். ஒவ்வொரு முறை பந்து வெளியே போனபோதும் யாராவது ஒருவன் சாலையைத் திரும்பிப் பார்த்தான். “தெப்பக்குளம் பக்கம் டிராபிக்காம்” என்று இன்னொரு பொய்யையும் அவர் சொல்ல வேண்டியதாயிற்று. வெயில் ஏறியது. ஒருவனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் நொண்டிக்கொண்டே ஓடினான்.

இரண்டாம் பாதியின் முப்பத்திரண்டாவது நிமிடத்தில் தென்கரையின் பந்து ஒன்று மேலே எழும்பி, சின்னக்கருப்பனின் தலையைத் தாண்டி, ஜூடுவின் விரல் நுனியைத் தொட்டு வலைக்குள் விழுந்தது.

கடைசி விசில் ஊதியபின் ஜூடு சின்னக்கருப்பனிடம் வந்தான்.

“வேன் எங்கண்ணே?”

“கெளம்பவே இல்ல மாப்ள.”

“உங்களுக்கு எப்பத் தெரியும்?”

“எடைவேளையில.”

“அப்பறம் மாட்டுத்தாவணி, தெப்பக்குளமெல்லாம்?”

அவர் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. லூர்துராஜ். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார்.

“எல்லாரும் மன்னிக்கணும்ப்பா. கிரவுண்டு விசயத்துல எனக்கே தப்பான தகவல் வந்திருச்சு. நம்ம கருப்பன் இருக்கப் போயி டீமாவது எறங்குச்சு.”

சின்னக்கருப்பன் அந்தக் கையை உதறினார். “பொய் சார். எலெக்சனுக்காக டீமை வித்துட்டீங்க. சிவபாண்டி எங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டான்.”

லூர்துராஜ் வகுப்பில் மாணவனை விசாரிக்கும் நிதானத்தோடு கேட்டார்: “எப்பச் சொன்னான்?”

“எடைவேளையில.”

“பெறகு ஏன் கருப்பா, பிள்ளைககிட்ட அப்பவே சொல்லல?”

ஆறு பேரும் லூர்துராஜிடமிருந்து பார்வையை எடுத்து, சின்னக்கருப்பன் மேல் வைத்தார்கள். கெண்டைக்கால் பிடித்தவன்தான் முதலில் பேசினான். “ரெண்டு பெருசுகளும் சேந்துதான் ஆட்டம் காட்டியிருக்குக. நமக்குத்தான் வெளங்கல.”

லீக் விதியில் இன்னும் ஒரு வழி இருந்தது. ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் முடிவை நிறுத்திவைத்து விசாரிப்பார்கள். களத்தில் ஆடிய இருவரின் கையொப்பம் வேண்டும். சின்னக்கருப்பன் அலுவலரிடம் வெள்ளைத்தாள் வாங்கினார். மேசையின் ஓரத்தில் குனிந்து, குழுச் செய்தி, மேலூர்ப் பயணம், சிவபாண்டியின் வாக்குமூலம் ஆகியவற்றை நேரம் குறித்து வரிசையாக எழுதினார். ஆடியவர்களில் தாமும் ஒருவர் என்பதால் முதல் கையொப்பத்தைத் தாமே போட்டார். பிறகு பேனாவை ஜூடுவிடம் நீட்டினார்.

ஜூடு தாளை வாங்கி முழுவதும் படித்தான். இருமுறை படித்தான்.

“இதெல்லாம் நெசமாண்ணே?”

“சத்தியமா நெசம் மாப்ள.”

“வேன் வருதுன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சியோடதான் சொன்னீங்க.”

“நீங்க ஓடணும்னு சொன்னேன்டா.”

“ஓடுனோம்ல?” என்றான் ஜூடு. “நாய் மாதிரி ஓடுனோம்ல? இல்லாத வேனுக்கு ஓடுனோம். தெரிஞ்சிருந்தாலும் நான் ஓடியிருப்பேண்ணே. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

தாளை மேசைமேல் வைத்துவிட்டு அவன் நடந்தான். மற்ற ஐவரும் அவன் பின்னால் போனார்கள். சின்னக்கருப்பன் ஒவ்வொருவனையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவனும் திரும்பவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று அவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

லூர்துராஜ் முடிவுத்தாளில் கழகத்தின் சார்பில் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். மைதானத்தில் அலுவலரும் சின்னக்கருப்பனும் மட்டும் மிஞ்சினார்கள்.

“ஒரு கையெழுத்த வச்சு ஒண்ணும் பண்ண முடியாதே அண்ணாச்சி” என்றார் அலுவலர்.

“டைம் இருக்குல்ல சார்?”

“இருக்கு. இருவது நிமிசம்.”

சின்னக்கருப்பன் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். காற்றில் பறக்காதபடி தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஆட்டோ போன சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடங்களுக்குப் பின் அலுவலர் பதிவேட்டை மூடி, மேசையை மடக்க வேண்டும் என்று சொன்னார். சின்னக்கருப்பன் கையை எடுத்தார்.