வாள் பிடித்த நாயகியும் தண்ணீர்ப் பட்டியலும்

போன ஞாயிறு கிளிநொச்சியில் ஒரு படம் பார்த்தேன். நாயகி குதிரை ஓட்டுகிறாள், வாள் சுழற்றுகிறாள், ராஜசபையில் நியாயம் கேட்கிறாள். கொட்டகையே கைதட்டியது. கடைசி ரீல்? நாயகன் ஒரு அதட்டல் போட்டதும் வாளைக் கீழே வைத்துவிட்டு அவன் காலில் விழுகிறாள்! இவ்வளவு நேரம் எதற்கம்மா சுழற்றினாய்?

கொதிப்போடு உருத்திரபுரம் திரும்பினேன். மறுநாள் பின்னேரம் இந்த வாரப் பத்தியை எழுத உட்கார்ந்தேன். 'பெண் கையில் வாளைக் கொடுக்கிறீர்கள்... முடிவை மட்டும் ஏன் ஆணிடம் கொடுக்கிறீர்கள்?' — படக்கதை எழுதுகிறவர்களை இப்படி வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தபோது, படலையைத் திறந்துகொண்டு நாகம்மா அக்கா வந்தார். பக்கத்துக் காணி. கணவர் இறந்த பிறகு மூன்று வருடமாகத் தனியாக வயல் செய்கிறவர்.

"மாஸ்டர், வாய்க்கால்ல தண்ணி வந்தது. என்ர வயலுக்கு மடை திறக்கேல்லை."

"ஏன் அக்கா?"

"பட்டியல்ல என்ர பேர் இல்லையாம். கந்தையான்ர பேராம். அவர் வந்தாத்தான் திறப்பினமாம்."

கந்தையா அவருடைய கணவரின் தம்பி. ஆனையிறவுக்கு அப்பால் இருக்கிறார். அறுவடைக்கு மட்டும் தலைகாட்டுவார்.

அந்தப் பட்டியலை எழுதியது யார்? நான்தான். கையெழுத்து நல்லதென்று, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை ஒவ்வொரு போகமும் தண்ணீர் முறையை என்னிடம்தான் எழுதத் தருவார். போன போகம் வரை அக்காவின் கணவர் பெயரே இருந்தது; இந்த முறை கந்தையாவின் பெயரைப் போடும்படி யாரும் சொல்லவில்லை. காணிக்கு ஒரு ஆம்பிளைப் பெயர் வேண்டும் என்று நானாகவே போட்டேன். இரண்டு தரம் யோசிக்கக்கூட இல்லை.

"கதிர் தள்ளுற நேரம், மாஸ்டர். மேட்டுப்பக்கம் கருகீட்டுது."

மேசையிலிருந்த தாளைக் கையால் மறைத்தேன்.

"நாளைக்கு என்ர முறை, அக்கா. அந்தத் தண்ணியை நீங்கள் எடுங்கோ."

"ஓம், எடுக்கிறன். முதல்ல என்ர பேரை எழுதுங்கோ."

அக்காவின் பெயரைப் போட்டு வட்டவிதானைக்கு ஒரு துண்டுக் கடிதம் எழுதினேன். வாசித்துக் காட்ட வாயெடுத்தேன்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்று வாங்கிக்கொண்டார். இத்தனை வருட அயல்... எனக்கு அதுவும் தெரியாது.

துண்டை மடித்து எடுத்துக்கொண்டு மடைப்பக்கம் நடந்தார். மேசையில் என் வீராவேசம் பாதியில் கிடந்தது. கிழித்துப் போட்டேன்.

அந்தப் படக்காரர் நாயகியைக் கடைசி ரீல் வரைக்குமாவது நிமிர்ந்து நிற்க விட்டார். நான் பெயர் போடுகிற இடத்திலேயே நாகம்மா அக்காவின் கதையை முடித்துவிட்டேன்!